பாலத்தை விசாரித்த நர்ஸம்மா

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு என் சைக்கிள் காவேரிப் பாலத்தை விட்டு இறங்கும். அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பினால் இடது கைப்பக்கம் நாலாவது கட்டடம் ஒரு சின்னப் பிரசவ விடுதி. அதன் வாசலில் வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக ஓர் அம்மாள் நிற்பார். என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்.

“பாலம் எப்படி இருக்கு தம்பி?”

சௌக்கியமா என்றோ, ஆபீஸ் விட்டாச்சா என்றோ அவர் கேட்டதில்லை. என்னிடம் மட்டுமல்ல, அக்கரையிலிருந்து வருகிற எல்லோரிடமும் இதே கேள்வி. பால்காரர், தபால்காரர், மகளைப் பார்க்கப் பழம் வெற்றிலையோடு வருகிற தகப்பன், யாரும் தப்ப முடியாது. ஒரு குதிரைவண்டிக்காரர், “நேத்து விட்ட எடத்துலயேதான் இருக்கு நர்ஸம்மா, யாரும் தூக்கிட்டுப் போவல” என்றார்.

“பாலம் எங்கயும் போவாதுன்னு எனக்கும் தெரியும். அது மேல என்ன போவுதுன்னுதான் கேட்டேன்” என்றார் இவர், சிரிக்காமல்.

எல்லோருக்கும் அவர் நர்ஸம்மாதான். ஆறு வருஷப் பழக்கத்தில் அவர் பெயரை நான் கேட்டதில்லை. எதையும் குறித்து வைத்துக்கொள்கிற எனக்கு இது ஒரு குறைதான்.

எங்கள் ஸ்ரீரங்கம் ஒரு தீவு. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது தோன்றுவதில்லை. பஸ்ஸில் ஏறிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கிவிடுகிறார்கள். மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவேரி, வடக்கே போவது கொள்ளிடம். கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் கிடக்கிற நிலத்தில் கோயில், திருவானைக்காவல், வாழைத்தோட்டங்கள், தென்னந்தோப்புகள், எங்கள் வீடுகள். ஆபீஸ், மார்க்கெட், காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் தெற்கே, திருச்சியில். ஊருக்குள் போக வர அந்த நாளில் ஒரே பழைய பாலம். எதிரெதிரே இரண்டு பாரவண்டிகள் வந்தால் அச்சு உரசாமல் விலக நிதானம் வேண்டும். என் நடைக்கு அது எழுநூற்றைம்பது எட்டுக்குச் சற்று அதிகம். வெறும் பாலத்தை எட்டு நிமிஷத்தில் நடந்துவிடலாம். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் வண்டிகள் போகும் காலை வேளையில் அரை மணி நேரமும் ஆகும். திருவிழா நாளில் கணக்கே கிடையாது.

விடுதியில் நாலு கட்டில்கள். ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. டாக்டரம்மா அக்கரையிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருவார். மற்ற நேரமெல்லாம் நர்ஸம்மாதான். ஆயுதம் போட வேண்டிய பிரசவம் என்றால் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகையால் பாலத்தைத் தாண்ட இப்போது எத்தனை நேரம் ஆகும் என்பது எந்நேரமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் குடியிருந்தது திருச்சியில், பாலக்கரை என்ற பேட்டையில். காலையில் பாலத்தின் அக்கரை முனையான சிந்தாமணியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தை நடந்து கடப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “பஸ்ஸுக்குள்ள உக்காந்தா பாலம் தெரியாது தம்பி. முன்னால நிக்கிற ஆள் முதுகுதான் தெரியும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் சித்திரை மாதப் பிரசவம் என்றால் முகம் சுளிப்பார்கள். சித்திரை அப்பன் தெருவிலே என்பார்கள். அதற்குப் பயந்துதான் ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது. நர்ஸம்மாவுக்குச் சித்திரையைப் போல உத்தமமான மாதம் கிடையாது. அப்போது காவேரியில் தண்ணீர் இருக்காது, மணல்தான். “பாலம் அடைச்சுக்கிட்டா என்ன? கட்டிலோட தூக்கிட்டு மணல்ல நடந்துடலாம். நீங்க ஆடியில புருஷன் பொஞ்சாதியப் பிரிச்சு வச்சு என் சித்திரையைக் கெடுத்துட்டீங்க” என்று மாமியார்களை வைவார். மாமியார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

நானும் அவரும் பழகியது இந்தக் கேள்வியால்தான். முதல் நாள் கேட்டபோது, “மணல் வண்டி பதினொண்ணு, வெறும் வாழை வண்டி ஆறு. எல்லாம் இந்தப் பக்கமாத்தான் வருது. அந்தப் பக்கம் போறதுக்கு வழி இருக்கு. எனக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு” என்றேன். எண்ணுவது என் வழக்கம், அவருக்காக எண்ணியதல்ல. நர்ஸம்மா குடையை மடக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரேடியோவுல கூட இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டான். நாளைக்கும் இதே நேரம்தானே வருவீங்க?”

அன்றிலிருந்து நான் அவருடைய ஆள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. ஆபீஸில் என் சுத்தமான கணக்கைக் கேலி செய்கிறவர்கள்தான் உண்டு. அந்தக் கணக்கால் ஓர் உயிர் பிழைக்கும் என்று நினைத்த ஒரே ஆள் அந்த அம்மாள்.

வரப்போகும் தகப்பன்களை அவர் பாலத்துக்கு விரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மேலூர்ப் பக்கத்து வாழை வியாபாரி ஒருவர், நல்ல கனத்த ஆள். அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். “இப்பவே போயி வண்டி பிடிச்சு, அந்த முனையத் தொட்டுட்டு வாங்க. எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கணும்” என்றார் நர்ஸம்மா.

“இப்ப எதுக்கும்மா? வலி வரட்டும்.”

“வலி வரும்போது உங்களுக்குக் கை நடுங்கும். வண்டிக்காரனுக்கு எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லத் தெரியாது. போயிட்டு வாங்க.”

அவர் போய் வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேரத்தைச் சொன்னார். அவர் மனைவிக்கு விடுதியிலேயே சுகப்பிரசவம் ஆயிற்று. ஒரு தார் பூவன்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாலம் சௌக்கியமா இருக்கு நர்ஸம்மா” என்று சொல்லிப் போனார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு தடவை நடுப்பாலத்துல நின்னிருக்கேன் தம்பி. மணல் வண்டிக்குப் பின்னால. அவ்வளவுதான்” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இதில் எல்லோருக்கும் பிரியம் என்று சொல்ல முடியாது. வலியோடு வருகிறவளைத் தொட்டுப் பார்க்குமுன் கூட வந்தவரிடம் பாலத்தைக் கேட்பார். ஒரு பெண் கோபமாக, “வலி எனக்கா, பாலத்துக்கா?” என்று கேட்டதாக விடுதி ஆயா சொல்லிச் சிரித்தாள். சந்தேகம் துளி இருந்தாலும் ஒரு வாரம் முன்னதாகவே அக்கரைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கச் சொல்லிவிடுவார். அப்படிப் போனவர்களில் பலருக்குச் சாதாரணமாகவே பிரசவம் ஆகிவிடும். விடுதியின் கமிட்டியில் மூன்று பேர். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. “வர்றவங்களை எல்லாம் அக்கரைக்கு அனுப்பிட்டா இங்க எதுக்கு நாலு கட்டில் போட்டிருக்கோம்? இனிமே கேஸை வெளிய அனுப்பினா நீங்களும் கூடவே போயிடலாம்” என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தார். இதை நர்ஸம்மாவே என்னிடம் சொன்னார், வெயில் அதிகம் என்று சொல்வதைப் போல.

என் முப்பத்திரண்டாவது வயதில் கல்யாணம் ஆயிற்று. மனைவி உறையூர். தாய் தகப்பன் இல்லை. தறி போட்டு நெய்கிற அண்ணன் ஒருவர்தான். இரண்டாவது வருஷம் அவள் உண்டானாள். விடுதிக்கு மாதம் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஆடி பத்தாம் தேதி சாயங்காலம் நர்ஸம்மா வாசலில் நின்றார். பாலத்தைக் கேட்கவில்லை. சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, காலையில உங்க வீட்டுப் பொண்ணைப் பாத்தேன். குழந்தை தலை மேல இருக்கு, கால் கீழ இருக்கு. திரும்பலாம். திரும்பாமயும் போகலாம். தலைச்சன் வேற. நீங்க பதினெட்டுக்கு முன்னாடி உறையூர்ல அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க.”

“எங்க கணக்குப்படி ஆடி முப்பது ஆவும் நர்ஸம்மா.”

“பொறக்கப் போறது உங்க டைரியப் படிச்சுட்டா வரப்போவுது? பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குப் பாலம் நம்மளோடது இல்லை. அதுக்கு முன்னாடி கொண்டுபோயிடுங்க. நான் சொன்னேன்னு விடுதியில யார்கிட்டயும் சொல்ல வேணாம். பொண்ணுகிட்டயும் கால் கீழன்னு சொல்லாதீங்க. பயந்துக்கும்.”

ஆகையால் மனைவியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

“காவேரியே மசக்கையா இருக்கிற மாசம்ப்பா இது. வயித்துப் பிள்ளைக்காரி வெள்ளத்தைத் தாண்டலாமா? தாண்டுனா அவளுக்கும் ஆவாது, பிள்ளைக்கும் ஆவாது. எங்க மாமியாரு, நானு, உன் அத்தைங்க எல்லாரும் ரெண்டு ஆத்துக்கு நடுவுலதான் பெத்தோம். அந்தம்மா அக்கரைக்காரி. அதுக்கு என்ன தெரியும்?”

இது எங்கள் அம்மா மட்டும் சொன்னதல்ல. ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது காவேரி கர்ப்பிணி என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. பதினெட்டாம் நாள் அவளுக்குக் காதோலை கருகமணி விட்டு, புளிசாதமும் தேங்காய்சாதமும் படைப்பதே அந்த மசக்கைக்குத்தான். ஒரு கர்ப்பிணியை இன்னொரு கர்ப்பிணி தாண்டிப் போகக் கூடாது.

நான் அம்மாவோடு சண்டை போடவில்லை. நர்ஸம்மா சொன்னதைத் தள்ளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தேதியைக் கண்டுபிடித்தேன். பதினெட்டு முடிந்து கூட்டம் கலைந்ததும், சாமி கும்பிட்டு அம்மாவின் மனதைச் சரிசெய்து, இருபதாம் தேதி கூட்டிப்போவது. ஆடி முப்பதுக்கு அப்போதும் பத்து நாள் மிச்சமிருக்கும். டைரியில் எழுதினேன்: ஆடி 20, உறையூர்.

நர்ஸம்மாவிடம் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னேன்.

“என்னைக்கு?”

“இருபது.”

“நான் பதினெட்டுக்கு முன்னாடின்னு சொன்னேன்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தார்.

பதினெட்டாம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு என் மனைவிக்கு வலி கண்டது. விடுதிக்குக் கூட்டிப்போனோம்.

நர்ஸம்மா அன்று விடியற்காலையிலேயே பாலத்தைக் கடந்து வந்திருந்தார். கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று. பார்த்துவிட்டு வெளியே வந்து, “கிளம்பணும்” என்றார். டாக்டரம்மா வருகிற நாள் அல்ல. குதிரைவண்டி ரோட்டிலேயே நகரவில்லை. கட்டிலில் வைத்துத் தூக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், “பாடையிலயா கொண்டுபோறீங்க” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் வாழைத்தார் ஏற்றுகிற கைவண்டி ஒன்று கிடைத்தது. மெத்தையை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். நானும் சித்தப்பாவும் இரண்டு சுமைகூலிகளும் தள்ளினோம். அம்மா பின்னால் வந்தார். நர்ஸம்மா முன்னால் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நடந்தார்.

திருச்சி முழுவதும் எதிரே வந்தது. புதுச்சேலை, தாம்பாளம், தூக்குச்சட்டி, சின்னப் பிள்ளைகள் இழுத்து வருகிற சப்பரம். கீழே இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் தண்ணீர். “வழி விடுங்க தாயி, பிரசவம். கொஞ்சம் ஒதுங்குங்க தாயி” என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே போனார். பெண்கள் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். ஒதுங்க இடம் இல்லை. ஒரு கிழவி வண்டியோடு நடந்துகொண்டே என் மனைவியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“வாட்சைப் பாக்காதீங்க. வண்டியப் பிடிங்க” என்றார் நர்ஸம்மா.

பாலத்தில் பாதிக்கு மேல் வந்திருப்போம். எதிரே ஒரு டவுன் பஸ்ஸும் அதன் பின்னால் இரண்டு மாட்டுவண்டிகளும் மாட்டிக்கொண்டு நின்றன. வண்டி அதற்குமேல் போகவில்லை. நர்ஸம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற பெண்களிடம், “சேலையப் பிடிங்க” என்றார். தெரியாத பெண்கள் ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றி நின்று முந்தானைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கால் முதலில் வந்து தலை நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அங்கே நின்ற நேரம் ஐம்பது நிமிஷம். குழந்தை அழவில்லை.

நர்ஸம்மா தன் தோளில் கிடந்த துணியில் அதைச் சுற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா கூட்டத்துக்குள் திரும்பி நடந்தார். ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வர இரண்டு நாள் ஆயிற்று. மூன்று வாரம் இருந்தாள். பிழைத்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

“பாலத்துல கொண்டுபோயி பிள்ளையக் கொன்னுட்டா” என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். ஒரே மாதத்தில் கமிட்டி கூடியது. விடுதித் தாழ்வாரத்தில் மூன்று நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என்னையும் அம்மாவையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நர்ஸம்மா நின்றார். அன்று அவர் வேலை மட்டுமல்ல, இருபது வருஷம் பிரசவம் பார்த்த பெயரும் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“போறவன் வர்றவனை எல்லாம் பாலத்தைக் கேக்குறீங்க. பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குப் பாலம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாமப் போச்சா?” என்றார் ஒருவர். மற்றொருவர் சிரித்தார்.

“வேற வழி இல்லைங்க.”

“கால் கீழ இருக்குன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்ங்க.”

“அப்ப வீட்டாளுங்ககிட்ட எச்சரிக்கை பண்ணினீங்களா?”

நர்ஸம்மா பதில் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். இது உண்மை. ஆனால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

“சொன்னாங்களா சார்?”

அம்மாவின் முழங்கை என் விலாவில் பட்டது. நான் சொன்னேன்:

“பிரசவம் எப்ப ஆவும்னு அவங்க உறுதியா எதுவும் சொல்லலைங்க.”

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. யாரும் கேட்காத கேள்விக்குச் சரியான பதில் அது. நர்ஸம்மா ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க, சொல்லல” என்றார்.

அன்று மத்தியானமே அவர் போய்விட்டார். ரோட்டில் பஸ் ஏறியதாக ஆயா சொன்னாள். பாலத்தை அவர் பஸ்ஸில் கடந்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

விடுதிக்கு வேறு நர்ஸ் வந்தார். நல்ல பெண். சாயங்காலம் வாசலில் நிற்பதில்லை. நான் மட்டும் வண்டிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பும்போது கையில் எண்ணிக்கை இருக்கும். கேட்க ஆள் இருக்காது. இந்தப் பழக்கம் போகப் பல மாதம் ஆயிற்று.

ஒன்பது வருஷம் போயிற்று. அதற்கு இரண்டு வருஷம் முந்தி அம்மா இறந்துவிட்டார். ஆபீஸில் உடன் வேலை செய்கிற ஒருவருக்கு வையம்பட்டி சொந்த ஊர். தன் தங்கை பிரசவத்தைப் பற்றிப் பேசும்போது, “திருச்சி பாலக்கரையில இருந்து வந்த ஒரு நர்ஸம்மா, குடை இல்லாம வெளிய வராது” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன்.

அது திண்டுக்கல் ரோட்டில் வறண்ட ஊர். கடலைக்காடும் சோளக்காடும். கண்ணுக்கெட்டிய தூரம் ஆறு இல்லை. நாட்டு ஓடு போட்ட வீட்டு வாசலில் நர்ஸம்மா முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கை கொஞ்சம் நடுங்கியது. என்னை உடனே தெரிந்துகொண்டார்.

“வாங்க தம்பி. அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?”

இருக்கிறாள் என்றேன். தண்ணீர் கொடுத்தார். சொல்ல வந்ததை நான் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் வரிசையாக வரவில்லை. “நீங்க சொன்னீங்க. பதினெட்டுக்கு முன்னாடின்னு சொன்னீங்க. நான் கமிட்டியில சொல்லல” என்றேன்.

“நானும்தான் சொல்லல.”

“ஏன் சொல்லல நர்ஸம்மா? ஒரு வார்த்தை போதுமே.”

அவர் இரண்டு மூன்று கடலையை உரித்துப் போட்டார்.

“அந்தப் பொண்ணு அன்னைக்கு வீட்டுல நடக்கக்கூட முடியாமக் கெடந்துச்சு. தாய் இல்லை, தகப்பன் இல்லை. புருஷனுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் கூட்டிப்போகலைன்னு அது காதுல விழுந்தா, எந்திரிச்சு எங்க போவும்? உங்களோடதானே இருந்தாகணும். எனக்கென்ன, வேற ஊரு இருக்கு.”

அவரே மறுபடி பேசினார்.

“என் மேலயும் தப்பு இருக்கு தம்பி. நான் பாலத்தையே பாத்தேன். பதினெட்டுக்கு முன்னாடின்னு நாள் சொன்னேன் பாருங்க, அது பாலத்துக்குச் சொன்ன நாளு. பொண்ணைப் பாத்திருந்தா, இன்னைக்கே போன்னு சொல்லி நானே கூட்டிட்டுப் போயிருப்பேன். வேலை போயிடுமோன்னு ரோட்டுல நின்னு சொன்னேன்.”

புறப்படும்போது ஒரு பையில் கடலை கட்டிக் கொடுத்தார். “வீட்டுல கேட்டதாச் சொல்லுங்க” என்றவர், ஒரு நொடி நின்று, “இல்லை, சொல்ல வேணாம்” என்றார்.

சொன்னேன். வீட்டுக்கு வந்த கையோடு, சமையலறை நிலையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி பத்தாம் தேதி நர்ஸம்மா ரோட்டில் நின்று சொன்னதை, இருபது என்று நான் எழுதியதை, கமிட்டியில் நான் சொன்ன வாக்கியத்தை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் நின்றன.

“அத்தைக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “வையம்பட்டிக்கு எந்த பஸ்ஸு?” என்றாள்.

மறுநாள் காலையில் தனியாகப் போனாள். உறையூரைத் தாண்டி அவள் தனியாக எங்கும் போனதில்லை. நான் ஆபீஸ் போகவில்லை. ராத்திரி ஏழே கால் மணிக்குத் திரும்பி வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

“பொண்ணு” என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறந்தது ஆணா பெண்ணா என்று ஒன்பது வருஷத்தில் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கேட்டபோது, “தெரிஞ்சு என்ன பண்ணப் போற, மறந்துடு” என்று அம்மா சொல்லிவிட்டார். அன்று சித்தப்பா துணியைப் பிரிக்காமலே புதைத்தார். நான் கேட்கவே இல்லை.

“தலை நெறைய முடியாம். மூக்கு என்னை மாதிரியாம். அந்தம்மா நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க” என்றாள். பிறகு, “ரெண்டு பேரும் உக்காந்து ஒரு பேரு வச்சோம்” என்றாள்.

“என்ன பேரு?”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“உங்ககிட்ட சொல்றதா இல்லைங்க” என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனாள்.

அடுத்த தை மாதம் நர்ஸம்மா காலமானார். நாங்கள் இருவரும் போயிருந்தோம். அந்தப் பெயர் தெரிந்தவள் இப்போது என் மனைவி ஒருத்திதான்.